கொட்டாஞ்சேனையில் முழங்கால் வருத்தமே இல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளில் நின்ற நான் எழும்பவில்லை. மற்றவர்கள் எழும்பினார்கள், பாடினார்கள், வாங்குகளில் அமர்ந்தார்கள். நான் மட்டும் கைகூப்பியபடி அப்படியே நின்றேன். மாதா கோயில் வாசலில் இரண்டு பேர் என் மனைவி திரேசாவிடம், "உங்கட மனுசனுக்கு என்ன பக்தி" என்று சொல்லியிருக்கிறார்கள். பக்தியாவது மண்ணாவது. இரண்டு முழங்காலும் பூட்டுப் போட்டதுபோல் இறுகிக் கிடந்தன. சனம் கலைந்த பிறகு திரேசாதான் கமக்கட்டில் கை கொடுத்து என்னைத் தூக்கினாள்.

முடக்குவாதக்காரருக்காகவும் அவர்களைப் பார்க்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சுக்கூடத்தில் முப்பது வருடமாக ஈய எழுத்துக் கோக்கிறவன். மற்றவர்கள் எழுதியதைக் கோத்துக் கோத்து, இந்த மனிதர் இதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று புறுபுறுக்கிற ஆள். இப்போது எழுதுவது நான். நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலையில் மட்டும்தான் இறுக்கம். பிறகு வீக்கம் வந்தது. மூன்று மாதத்தில் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். கைவிரல்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்தேன். நேர்ந்தது நான், போய்க் கொளுத்தியது திரேசா.

விரல் நன்றாக இருந்தால் கதிரையில் உட்கார்ந்தே கோக்கலாமே என்று பலர் கேட்டார்கள். தமிழ் கோத்துப் பார்க்காதவர்கள் கேட்கிற கேள்வி அது. இங்கிலீசு கோக்கிறவர் இரண்டு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்று காரியத்தை முடித்துவிடுவார். எங்களுக்குக் கொம்பு, கால், சுழி என்று எத்தனை உருப்படி. பெட்டிகள் சுவர் நீளத்துக்கு நிற்கும். ஒரு எட்டு அந்தப் பக்கம், இரண்டு எட்டு இந்தப் பக்கம் என்று நாள் முழுக்க நின்றும் நடந்தும் செய்கிற வேலை.

முதலாளி வீட்டுக்கே வந்து கதைத்தார். "நத்தார் வரைக்கும் உம்முடைய இடத்தை வைச்சிருப்பன். அதுக்குப் பிறகு என்னாலும் ஏலாது" என்றார். நத்தாருக்கு (கிறிஸ்து பிறப்புத் திருநாள்) அப்போது எட்டு மாதம் இருந்தது. அவர் போன பிறகு நான் அழுதேன். வேறு தொழில் தெரியாது என்பதற்காக மட்டும் அல்ல. அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கும்போதுதான் நானும் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும். திரும்ப அங்கே போய் நிற்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் இளம் ஆள், ஆனால் நிதானமானவர். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி இறுகி, மடங்கவும் நீளவும் மறுக்கிற வருத்தம்) என்றார். சலிசிலேட் (வலியையும் வீக்கத்தையும் தணிக்கிற மருந்து) எழுதித் தந்தார்.

"இது மாறுமா, டொக்டர்?"

"வலியைக் குறைக்கலாம். அடியோடு மாற்றுகிற மருந்து எங்களிடம் இன்னும் இல்லை. நின்று செய்கிற வேலையை விட்டுவிட்டால் நல்லது."

அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. குளிசை வலியைக் குறைத்தது. வயிற்றையும் எரித்தது. எழுதித் தந்ததில் பாதியைத்தான் என்னால் விழுங்க முடிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கடைக்காரர் சிலர் சேர்ந்து ஒரு இலவசச் சித்த வைத்தியசாலை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏழைகளுக்கும் வயதானவர்களுக்கும் என்று பலகையில் வடிவாக எழுதியிருந்தார்கள். வைத்தியர் யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் குடியிருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். எல்லாம் சரி, வைத்தியசாலை இருந்தது ஒரு கயிற்றுக் கடையின் மாடியில். செங்குத்தான பத்தொன்பது படி. நடுவில் ஒரு திருப்பம்.

அச்சுக்கூடத்துச் சிநேகிதன் யோசேப்பும் இன்னொருவரும் என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். காலை வேளை, வைத்தியர் இன்னும் ரயிலில் வந்து சேரவில்லை. திருப்பத்தில் கதிரையின் கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. இருமல்காரர் நாலு பேர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசேப்பு, "கதிரையை அறுப்பமா, உன்னை அறுப்பமா?" என்று கேட்டான். ஒருவழியாகக் கீழே இறக்கினார்கள். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கோபத்தில் சபதம் போட்டேன்.

"நீங்கள் வராட்டில் கிடவுங்கோ. நான் போறன்" என்றாள் திரேசா.

அந்த வைத்தியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாடி பார்த்து முடியும்வரை வருத்தக்காரர் வாயே திறக்கக்கூடாது. முதலில் கதையைக் கேட்டுவிட்டால் கை சொல்வது விளங்காது என்பது அவருடைய கொள்கை. நாடி பார்க்கும்போது கண்ணையும் மூடிக்கொள்வார். ஆண்களுக்கு வலக் கை, பெண்களுக்கு இடக் கை என்பதுதான் முறை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

திரேசா யோசிக்காமல் ஒன்றும் செய்யமாட்டாள். அவள் யோசித்துச் செய்வதுதான் பிழையாய்ப் போகும். வரிசையில் இருந்தபோது அவள் யோசித்தது இது: வருத்தம் அவருக்கு, அவர் ஆம்பிளை, ஆகவே வலக் கை. முறை வந்ததும் தன் வலக் கையை நீட்டினாள்.

வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "நித்திரை இல்லை. பசி இல்லை. பித்தம் ஏறியிருக்கு. சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு திடுக்கிடும்."

திரேசாவுக்குப் புல்லரித்துப்போயிற்று. நித்திரை கொள்ளாமல் சத்தம் போட்டுக்கொண்டு கிடக்கிற என்னை அப்படியே படம் பிடித்தமாதிரி இருந்ததாம். "ஓம் ஐயா, அப்பிடியேதான்" என்று சொல்லி மருந்து முடிச்சுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"முழங்காலைப் பற்றிச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"இவ்வளவும் தெரிஞ்ச மனுசனுக்கு முழங்கால் தெரியாதோ?" என்றாள்.

எட்டில் ஒன்றாக வற்றவைத்து எட்டு நாள் குடித்தேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. ஆனால் வேலை செய்தது. அடித்துப் போட்டமாதிரி நித்திரை கொண்டேன். குறட்டை சுவருக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். இரண்டு கோப்பை சோறு இறங்கியது. முழங்கால் மட்டும் அசைவதாக இல்லை. என் உடம்பு பாரம் கூடி, என்னைப் பிடித்துத் தூக்கத் திரேசா மேலும் கஷ்டப்பட்டதுதான் மிச்சம்.

ஒன்பதாம் நாள் அவள் மறுபடி படியேறினாள். அங்கே நடந்ததை அவளே பிறகு எத்தனையோ பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"அக்கா, இப்ப நித்திரை எப்பிடி?" என்று வைத்தியர் கேட்டார்.

"நல்ல நித்திரை ஐயா. குறட்டை வேற. முழங்கால்தான் அப்பிடியே கிடக்குது."

"உங்களுக்கு முழங்கால் வருத்தமோ?"

"எனக்கில்லை ஐயா, அவருக்கு."

"அப்ப குறட்டை?"

"அதுவும் அவர்தான்."

வைத்தியர் தன் வலக் கையைத் தூக்கிக் காட்டினாராம். "அண்டைக்கு நீங்கள் வலக் கையை நீட்டினது?" என்று கேட்டார். அவசரத்தில் பெண்கள் கை மாறி நீட்டுவது வழமை, கூட்டமும் அதிகம், அதனால் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. திரேசா தன் நியாயத்தை விளக்கினாள். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "இருபத்திரண்டு வருசம் ஒண்டாக் கிடந்திருக்கிறம், கொஞ்சமாவது என்ர கையில ஓடாதோ?" என்று அவள் கேட்டதும் இன்னும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்து, வருத்தக்காரர் ஏன் நேரே வரவில்லை என்று வைத்தியர் கேட்டார். திரேசா படியைக் காட்டினாள்.

வைத்தியர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வருத்தக்காரர் பெயர் எழுதும் கொப்பியை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இருமல், சொறி, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் எல்லாம் இருந்தன. முழங்கால் இல்லை, இடுப்பு இல்லை, பாரிசவாதம் (ஒரு பக்கக் கையும் காலும் இயங்காமல் போகும் வருத்தம்) இல்லை.

"கொட்டாஞ்சேனையில முழங்கால் வருத்தமே இல்லை, கடல் காத்து நல்லது எண்டு வெள்ளவத்தையில எல்லாரிட்டயும் சொல்லிக்கொண்டு திரியிறன்" என்றார். "நல்ல வைத்தியன் நான்."

அன்று மத்தியானமே எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒல்லி, குடையோடு வந்தார். என் வலக் கையைப் பிடித்துக் கண்ணை மூடினார். பிறகு முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டையும் வாங்கி வாசித்தார்.

"வாதம்தான். டொக்டர் சொன்னது சரி. அந்தக் குளிசையை நிப்பாட்டவேண்டாம், வயிறு தாங்கிற அளவுக்கு எடுங்கோ. நாங்கள் வேற பக்கத்தால பாப்பம்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "அண்ணை, எட்டு நாளும் நீங்கள் குடிச்சது அக்காவின்ர மருந்து. நித்திரையும் பசியும் இல்லாதது அவவுக்கு" என்றார்.

அதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சொல்லோடு சிரிப்பு நின்றுவிட்டது. மாதக் கணக்காக நான் முனகும்போதெல்லாம் எழும்பி ஒத்தடம் கொடுத்தவள், என் கோப்பையை நிரப்பிவிட்டுச் சட்டியை வழித்தவள். அவளுக்கு ஒரு கை இருக்கிறது, அதில் ஒரு நாடி ஓடுகிறது என்பதே எனக்கு நினைவில்லாமல் போயிருந்தது. வெட்கமாக இருந்தது. இந்த வருத்தத்தில் எனக்கு மிகவும் நொந்தது அன்றைக்குத்தான்.

"எனக்கு ஒண்டுமில்லை, சும்மா சொல்லுறார்" என்றாள் திரேசா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சட்டி கசாயம் கொதித்தது. அவள் குடித்து முடித்துவிட்டாளா என்று பார்ப்பது என் வேலையாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். நான் பக்கத்தில் சீனித் துண்டு வைத்திருப்பேன்.

மறுநாள் வைத்தியர் கீழ்த்தளத்துக் கயிற்றுக் கடைக்குள் போனார். கடைக்காரர் ஒரு சோனக (முஸ்லிம்) மனிதர், தெருவுக்கே அவர் நானா (அண்ணன்). வாரத்தில் இரண்டு காலை கடையின் முன்பாதியைத் தரமுடியுமா என்று வைத்தியர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

"இத ஒரு வருசத்துக்கு முந்தியே கேட்டிருக்கலாமே. மேல வைத்தியர் ஈக்கிறாரு, கீழ நான் ஈக்கிறேன். இந்த இடுப்ப வச்சிட்டு எனக்குப் படியேற ஏலா. கசாயம் மணக்குது, குடிக்கத்தான் வழியில்ல" என்றாராம் நானா.

அச்சுக்கூடத்தில் முதலாளி இலவசமாக ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துத் தந்தார். வாசகத்தை நான் படுக்கையில் கிடந்து சொன்னேன், யோசேப்பு கோத்தான். "படி ஏறத் தேவையில்லை" என்ற வரியை எங்களிடம் இருந்த மிகப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். கலியாண விளம்பரத்துக்குக்கூட நாங்கள் அந்த எழுத்தை எடுப்பதில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை யோசேப்பு என்னைக் கைவண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். நானும் நானாவும் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்தேன். தெரு முனை திரும்பியதும் வண்டில் நின்றுவிட்டது, அவ்வளவு சனம். கதிரையில் தூக்கி வரப்பட்டவர்கள், முதுகில் வந்தவர்கள், கிராண்ட்பாஸ் பக்கமிருந்து றிக்‌ஷாவில் வந்த இரண்டு கிழவிகள். கண் தெரியாத ஒருவர் கால் வழங்காத ஒருவரைச் சுமந்துகொண்டு வந்தார். மேலே இருந்தவர் வழி சொன்னார்.

வைத்தியர் வாசலில் குடையோடு திகைத்துப்போய் நின்றார். "இவ்வளவு பேரும் இவ்வளவு நாளும் எங்கை இருந்தவை?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் ஈந்தாங்க. வேற எங்க போற?" என்றார் நானா.

நானாவின் கெட்டித்தனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்கால் வருத்தக்காரருக்குத் தாழ்ந்த இடத்தில் அமர்ந்தால் எழும்ப முடியாது. அவர் கயிற்றுச் சுருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஆளுக்கேற்ற உயரத்தில் ஆசனம் செய்திருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து காலை இழந்த பியதாசா என்ற சிங்கள மனிதர் வைத்தியருக்கு முன்னால் வந்து, தன் கட்டைக் காலைத் தட்டிக்காட்டி, "மாத்தயா, மேகட்டத் பெஹெத் தியனவாத?" என்று கேட்டார். இதற்கும் மருந்து இருக்கிறதா என்கிறார். கடையே சிரித்தது. அவருக்கு வருத்தம் மற்றக் காலில். இரண்டு காலின் பாரத்தையும் அது ஒன்றே சுமந்ததில் வந்த வருத்தம்.

அடுத்த மாதமே நானாவின் மாட்டு வண்டிலும் சேர்ந்துகொண்டது. துறைமுகத்துக்குக் கயிறு கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற வண்டில், வழியில் நடக்க ஏலாதவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது.

எனக்குக் காலையும் மாலையும் கசாயம், வாத எண்ணெய், நொச்சியிலையும் ஆமணக்கிலையும் வதக்கிக் கட்டிய கிழி (சூடாக மூட்டில் ஒற்றும் துணி முடிச்சு). அதோடு பத்தியம் (மருந்துக்கு ஒத்துவராத உணவை விலக்குவது). புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, சூரை மீன் கூடாது. கொட்டாஞ்சேனைக்காரனிடம் சூரை கூடாது என்றால் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டில் பொரிக்கும்போது நான் யன்னலைச் சாத்திவிடுவேன். தபசு காலம் (ஈஸ்டருக்கு முந்திய நோன்பு) நாற்பது நாளில் முடியும். இது முடிகிற வழியாக இல்லை.

நிற்கப் பழகவேண்டும் என்றார் வைத்தியர். எங்கள் வீட்டு மணிக்கூடு ஓடாது, அதனால் செபத்தைக் கொண்டு அளந்தோம். திரேசா என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, ஒரு பிரியதத்த மந்திரம் (மாதாவுக்குச் சொல்லும் சிறு செபம்) சொல்லி முடிக்கும்வரை நிற்கவேண்டும். முதல் நாள் பாதியில் கட்டிலில் விழுந்தேன். ஒரு வாரத்தில் முழுச் செபம். ஒரு மாதத்தில் மூன்று. கோயிலில் வேகமாகச் சொல்கிற திரேசா எனக்கு மட்டும் இழுத்து இழுத்துச் சொன்னாள். அதில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை.

சைவக்காரரான வைத்தியர், "அண்ணை, இண்டைக்கு எத்தனை செபம்?" என்று கேட்கப் பழகிவிட்டார். பத்து என்று நான் சொன்ன செவ்வாயன்று, "செபமாலை ஒண்டு எவ்வளவு?" என்று நானா கேட்டார். ஐம்பத்துமூன்று என்றேன். தன் தஸ்பீஹ் மாலையை எடுத்துக் காட்டி, "என்டதுல தொண்ணூத்தொம்பது ஈக்கி. தோத்துட்டீங்க" என்றார். அவர் அப்போது இடுப்பில் கைவைக்காமல் நிற்கத் தொடங்கியிருந்தார்.

ஐப்பசி மழையில் மூட்டு மறுபடி வீங்கியது. இருபதில் நின்ற செபம் நாலுக்கு இறங்கியது. நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வீண் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். வைத்தியர் வந்து வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "மழை நிண்டால் இறங்கும், அண்ணை. இதுவும் கணக்கில இருக்கிறதுதான்" என்றார். இதே வருத்தத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். இறங்கும், பிறகு ஏறும். இறங்குகிற வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, முழுச் செபமாலையும் நின்றேன். கடைசிப் பத்தில் திரேசா என் முழங்கையை விட்டுவிட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவள் கட்டிலில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. இவள் இவ்வளவு வடிவோ என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன். "மருந்து தலைக்கேறிப்போச்சு" என்றாள்.

என் வருத்தம் முற்றாகப் போகவில்லை. இடது முழங்கால் முழுதாக மடங்காது. மழைக்கு முதல் நாள் எனக்குத் தெரிந்துவிடும். கசாயம் எல்லோருக்கும் இப்படிக் கேட்கும் என்று நான் சொல்லமாட்டேன், வைத்தியரும் சொல்லமாட்டார். ஆனால் எந்த வைத்தியமும் ஆளிடம் போய்ச் சேர்ந்தால்தானே கேட்குமா இல்லையா என்று பார்க்கலாம்.

நத்தாருக்குப் பத்து நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்பினேன். அச்சுக்கூடம் எட்டு மணிக்குத் திறக்கும். வீட்டில் சுவரைப் பிடித்து நடந்த காலத்துக் கணக்கை வைத்துத்தான் நேரம் போட்டேன். ஒவ்வொரு முனையிலும் நின்று ஆறவேண்டும், வழியில் எங்காவது அமரவேண்டும், இரண்டு மணி நேரம் வேண்டும். கோயிலில் ஆறு மணி அடித்ததுமே வெளிக்கிட்டேன். திரேசா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

தெருவில் பாண்காரன் ரொட்டிக் கூடையோடு போனான். கோயில் மணி மறுபடி அடித்தது. யாரோ, "சுகமோ?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அச்சுக்கூடத்து வாசலில் நிற்கிறேன். கதவு பூட்டியிருந்தது. யன்னல் கம்பிக்குள்ளால் என் பெட்டிகள் தெரிந்தன. என் இடத்தில் யாரோ மைப் போத்தலை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கோபப்பட்டுக்கொண்டும், எந்த எழுத்து எங்கே என்று மனதுக்குள் தேடிக்கொண்டும் நின்றேன். நத்தார் வாழ்த்து அட்டைகள் கோக்காமல் கிடந்தன.

யோசேப்பு சாவியோடு வந்தான். "எப்ப வந்தாய்?" என்றான்.

"ஆறரை இருக்கும்."

தன் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு என் காலைப் பார்த்தான். வாசலோரத்தில் எங்கள் ஆட்கள் தேநீர் குடிக்கக் குந்துகிற கல் இருக்கிறது. அதைக் காட்டி, "எட்டாகப்போகுது. இவ்வளவு நேரமும் நிண்டனியோ? அதில குந்தியிருக்கலாமே?" என்றான்.

நானும் அப்போதுதான் அந்தக் கல்லைப் பார்த்தேன்.

"குந்த மறந்துபோச்சு" என்றேன்.